நூலேணியின் மாற்றுப் படி

கப்பலின் பக்கத்தே தொங்கவிடப்பெறும் நூலேணியில் ஒரு படி முறிந்துபோயின் அதனிடத்தில் எதனை, எம்முறையிற் பொருத்துவது என்னும் வினா தச்சர்க்கும் கப்பலோட்டிகட்கும் மட்டுமே உரியதெனத் தோன்றும். ஆயினும் உலக நாடுகள் கூடி இயற்றிய கடற்சட்டம் இவ்வொரு வினாவுக்கெனத் தனி வாசகம் வகுத்துள்ளது. அவ்வாசகத்தின் பொருளையும் வரலாற்றையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வேணியில் ஏறுவோர் யார் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். துறைமுகத்தை நெருங்கும் பெருங்கலத்தை உள்ளே செலுத்துதற்கு அத்துறையின் நீரோட்டமும் மணற்றிட்டும் அறிந்த ஒருவர் துணை வேண்டும். இவரைத் துறைமுகத்தார் 'பைலட்' என்பர். யாம் துறைவழிகாட்டி என்போம். கலத்திலேயே இருந்து அதனைச் செலுத்தும் மீகாமனின் இவர் வேறானவர். கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய 'எரித்திரையக் கடற் பெரிப்புளுசு', பாரிகாசா எனப்பட்ட பரூச்சுத் துறைக்கு வரும் கலங்களை அரசனுடைய ஊழியத்திலிருந்த மீனவர் கடலிற் சென்று எதிர்கொண்டு அழைத்து வந்தனர் எனக் குறிக்கின்றது. எனவே தொழில் மிகப் பழையது. இன்றும் வழிகாட்டி சிறு படகில் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பக்கத்தில் ஏணி பற்றி ஏறுகின்றார். அவர் கால் வைத்த படி புரளுமாயின் படகின் தளத்திலோ, இரு கலங்கட்கும் இடைப்பட்ட நீரிலோ வீழ்வார். இவ்வாறு உயிர் நீத்தோர் உளர்.

கடலில் மனித உயிரைக் காத்தற்கான உடன்படிக்கை, 1912-இல் தைத்தானிக்கு மூழ்கியதன் பின்னர் 1914-இல் முதன்முதல் இயற்றப்பட்டது. அதன் 1960-ஆம் ஆண்டு வடிவம் படியின் கனம் ஓர் அங்குலம் இருத்தல் வேண்டும் என்றது. 1974-ஆம் ஆண்டு வடிவத்தில் அது 25 மில்லிமீட்டர் ஆயிற்று; அகலம் 115 மில்லிமீட்டர். 2011-இல் நிறைவேறிய தீர்மானத்திலும் இவ்வளவுகள் மாறவில்லை. படிகட்கு இடைப்பட்ட தொலைவு மட்டும் 300 முதல் 380 என்பதினின்று 310 முதல் 350 எனச் சுருங்கியது. இருளில் ஏறுவோனின் கால் அடுத்த படியைத் தேடாமலே அடைதல் வேண்டும் என்பதே இதன் கருத்துப் போலும்.

இனி மூலப்பொருளை நோக்குவோம். படி வன்மரத்தாலாயது, ஒரே துண்டினது, கணுவற்றது, வழுக்காத மேற்பரப்புடையது ஆதல் வேண்டும் என்பது விதி. அதற்கு ஒப்பான பிற பொருளும் ஏற்கப்படும். கணுவை விலக்கியதன் காரணம் வெளிப்படை. கணுவைச் சூழ்ந்து மரத்தின் இழை வளைந்து செல்லும். ஓர் அங்குலப் பலகையின் நடுவே ஆளின் எடை பொருந்தும்போது அவ்விடத்தே பிளவு தொடங்கும்.

ஆனால் 'வன்மரம்' என்னும் சொல் எளிதன்று. மரநூலார் வழக்கில் அது அகன்ற இலையுடைய மரவகுப்பின் பெயரேயன்றித் திண்மையின் பெயரன்று. நகத்தாற் கீறத்தக்க பால்சாவும் அவ்வகுப்பினதே. ஊசியிலையுடைய யூ மரமோ மென்மரம் எனப்பட்டும் அதனினும் மிகத் திண்ணியது. இவ்விடத்துத் தொல்காப்பிய மரபியலின் பகுப்பு நினைவுக்கு வருகின்றது. புறத்தே காழுடையது புல், அகத்தே காழுடையது மரம் என்று அது வகுத்தது. பெயரை இலை கொண்டு துணியாது, வன்மை எங்கே உறைகின்றது என வினவிய பகுப்பு அது. தச்சர் 'வைரம் பாய்ந்தது' என்பது இவ்வகக் காழையே. ஒரே மரத்தின் வெளிறு ஈரத்தில் விரைந்து மட்கும். காழ் நெடிது நிற்கும். மாற்றுப் பலகை தெரிவோர் சட்டச் சொல்லோடு அமையாது, வெளிறு நீக்கிய பகுதியைத் தேர்தல் நன்று என்பது எம் கருத்து.

கீழ்ப்படிகள் நான்கையும் இரப்பரால் அமைக்கலாம் என்பது மற்றொரு விதி. படகு வந்து மோதுவதும் உராய்வதும் அப்படிகளின் மேலாதலின், அங்கே வளைந்து மீளும் பொருள் ஏற்புடையது. வண்ணம் பூசிய படியை வழிகாட்டிகளின் உலகச் சங்கம் தன் சுவரொட்டியில் விலக்கியுள்ளது. வண்ணம் வழுக்கும், கீறலையும் மறைக்கும். அழகு கருதிப் பூசுவாரும் உளர் என்பது வியப்பே.

இத்துணையும் பொருள் பற்றியது. சட்டம் மிகக் கண்டிப்புக் காட்டும் இடம் பிணிப்பேயாகும். முதற்கண் ஏணி செய்யும்போது பக்கத்திற்கு இரண்டாகச் செல்லும் கயிறுகளைப் படியின் துளைகளிற் கோத்து, கட்டை வைத்து, நூலால் இறுகக் கட்டுவர். இடையில் ஒரு படி முறிந்தால் ஏணி முழுவதையும் அவிழ்த்தாலன்றி அவ்வாறு கோத்தல் இயலாது. எனவே மாற்றுப் படியின் ஓரத்தில் பள்ளம் வெட்டிக் கயிற்றினுள் செருகுவர். அப்பள்ளம் நீண்ட பக்கத்திலேயே இருத்தல் வேண்டும் என்று 1974-ஆம் ஆண்டு விதி வரையறுத்தது. குறும்பக்கத்தில் வெட்டின் கயிற்றுக்குப் புறத்தே மரம் எஞ்சாது. படி பக்கவாட்டில் நழுவும் என்பதனால் இங்ஙனம் கூறினர் எனக் கொள்கின்றோம்.

இங்ஙனம் வேறு முறையிற் பிணித்த படிகள் ஓர் ஏணியில் இரண்டுக்கு மேற்படலாகாது. அவ்விரண்டும் இயன்ற விரைவில் மூல முறையிலேயே மீளக் கட்டப்பெறுதல் வேண்டும் என்றும் 2011-ஆம் ஆண்டு வாசகம் கூறும். மாற்றுப் பலகை எத்துணைக் காழுடையதாயினும் இவ்வெண்ணிக்கை தளர்வதில்லை. முறிவது பலகையினும் கட்டே என்பதை விதி செய்தோர் அறிந்திருந்தனர். 'இயன்ற விரைவில்' என்பதற்கு நாட்கணக்கு வரையாது விட்டமை குறையே. சரக்கு இறக்கி அன்றே புறப்படும் கலத்தில் அச்சொல் அடுத்த துறை வரை நீளும். அங்கும் வேறொரு வழிகாட்டி அதே படியின்மேல் கால் வைப்பார்.