அந்தமான் நிகோபார் தீவுகளின் வான்காப்பு

வங்காள விரிகுடாவின் கிழக்கு ஓரத்தில் வடக்கு தெற்காக 700 கி.மீ.க்கும் மேல் நீண்டு கிடக்கும் அந்தமான் நிகோபார் தீவுக்கூட்டத்தை விமானங்களைக் கொண்டு காப்பது இந்தியாவுக்குத் தொலைவும் எரிபொருளும் சார்ந்த கணக்காகவே இருந்து வருகிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஏறத்தாழ 1,350 கி.மீ. தொலைவில் உள்ளது. தென்கோடியிலுள்ள இந்திரா முனைக்கும் சுமத்ராவுக்கும் இடையே சுமார் 150 கி.மீ.தான். தாய்நிலத்தைவிட அயல்நாட்டுக்கு அருகிலிருக்கும் இந்தத் தீவுகளைத் தமிழர் வெகுகாலமாக அறிவர். முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டில் நிகோபார் 'மாநக்கவாரம்' என்ற பெயரில் இடம்பெறுகிறது.

பிரிட்டிஷ் ஆட்சியில் போர்ட் பிளேர் சிறைக் குடியிருப்பாக இருந்தது. இரண்டாம் உலகப் போர் வரை அதற்கு வான்காப்பு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் மார்ச் 8இல் ரங்கூனும் வீழ்ந்தன. போர் விமானங்கள் இன்றித் தீவுகளைத் தக்கவைக்க முடியாது என்று முடிவுசெய்த பிரிட்டிஷார், அங்கிருந்த கூர்க்கா படைப்பிரிவை மார்ச் நடுவில் திருப்பி அழைத்துக்கொண்டனர். மார்ச் 23 அன்று ஜப்பானியர் எதிர்ப்பே இல்லாமல் போர்ட் பிளேரில் இறங்கினர். சில நாட்களில் அவர்களுடைய பெரிய நான்கு இயந்திரப் பறக்கும் படகுகள் துறைமுக நீரில் வந்து நின்றன. ஓடுபாதை தேவைப்படாத இந்த விமானங்கள் வங்காள விரிகுடா முழுவதையும் வேவு பார்க்க வல்லவை. ஏப்ரல் மாதம் பிரிட்டிஷ் ஹட்சன் குண்டுவீச்சு விமானங்கள் அக்யாப் பக்கமிருந்து வந்து அவற்றைத் தாக்கின. எத்தனை படகுகள் அழிந்தன என்பதில் இரு தரப்புப் பதிவுகளும் ஒத்துப்போவதில்லை.

அந்தமானில் விமானம் இல்லாததன் விளைவை விளங்கிக்கொள்ள, அதே வாரங்களில் இலங்கையில் நடந்ததை அருகில் வைத்துப் பார்ப்பது வழக்கம். ஏப்ரல் 4 மாலை, தெற்கிலங்கையின் கொக்கலைக் காயலிலிருந்து கிளம்பிய கனடிய வான்படையின் கேட்டலினா வேவு விமானம் ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல் அணியைக் கண்டது. விமானி லியோனர்ட் பர்ச்சால் செய்தியை அனுப்பி முடிக்கும் முன்னரே ஜீரோ விமானங்கள் அதைச் சுட்டு வீழ்த்தின, அவர் சிறைப்பட்டார். கொழும்புக்குக் கிடைத்த முன்னறிவிப்பு அதுதான். இருந்தும் மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலையில், சுமார் 125 விமானங்கள் நகரத்தின்மேல் வந்தபோது இரத்மலானை ஓடுபாதையில் பிரிட்டிஷ் ஹரிக்கேன் போர் விமானங்கள் தரையிலேயே இருந்தன. ராடார் எச்சரிக்கை ஏன் வந்துசேரவில்லை என்பதற்குக் கருவிக் கோளாறு, காவல்முறை மாற்றம், தகவல் தொடர்புக் குழப்பம் எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. கொழும்பின் குதிரைப்பந்தயத் திடலைத் திருத்தி அமைத்திருந்த இன்னோர் ஓடுபாதை ஜப்பானியருக்குத் தெரிந்திருக்கவில்லை என்பர். அங்கிருந்து எழுந்த ஹரிக்கேன்களுக்குச் சிறிது அவகாசம் கிடைத்தது.

ஏப்ரல் 9இல் திருகோணமலை தாக்கப்பட்டபோது நிலைமை வேறாக இருந்தது. ராடார் முன்கூட்டியே கண்டுகொண்டதால் அங்குள்ள சீனக்குடாத் தளத்தின் விமானங்கள் வானில் காத்திருந்தன. ஆனாலும் சேதம் பெரிது. மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பல், தன் தளத்தில் ஒரு விமானமும் இல்லாத நிலையில் மூழ்கடிக்கப்பட்டது. அதே நாளில் 9 பிளென்ஹைம் விமானங்கள் நகுமோவின் கப்பல்களைத் தேடிப்போய்க் குண்டு வீசின. ஒன்றும் படவில்லை, போனவற்றில் ஏறக்குறையப் பாதி திரும்பவில்லை. சீனக்குடா எண்ணெய்த் தொட்டி ஒன்றின்மேல் ஜப்பானிய விமானம் மோதியதைச் சிலர் தற்கொலைத் தாக்குதல் என்கின்றனர். சுடப்பட்டு நிலைகுலைந்து விழுந்தது என்போரும் உண்டு. இரு தரப்பும் தாம் வீழ்த்தியதாகச் சொன்ன எண்ணிக்கை எதிர்த்தரப்பு இழந்ததாக ஒப்புக்கொண்டதைவிட மிக அதிகம். எப்படியாயினும் இலங்கை கைமாறவில்லை. ஜப்பானியருக்கு அங்கே படையிறக்கும் எண்ணமே அப்போது இல்லை என்பதால், இதை வான்காப்பின் வெற்றி என்று மட்டும் கணக்கெழுதுவது சரியாகாது.

அந்தமானில் ஜப்பானியர் மூன்றரை ஆண்டுகள் இருந்தனர். போர்ட் பிளேரிலும் கார் நிகோபாரிலும் ஓடுபாதைகளுக்காகத் தீவுமக்களைக் கட்டாய வேலை வாங்கினர். தென்னைகளை வெட்டிச் சாய்த்துக் கார் நிகோபாரில் அமைத்த ஓடுபாதைதான் இன்றைய வான்படைத் தளத்தின் மூலம். நேச நாட்டு விமானங்கள் குண்டுவீச வந்த ஒவ்வொரு தடவையும், உள்ளூரில் எவரோ சைகை காட்டியதாகச் சந்தேகம் எழுந்தது. அதன் பெயரால் பலர் வதைக்கப்பட்டனர். 1944 ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்சில் உளவாளிகள் என்று குற்றஞ்சாட்டி 44 பேரைச் சுட்டுக் கொன்றனர்.

அருகில் தளம் இல்லாத பிரிட்டிஷார் 1944இல் கப்பலையே ஓடுபாதையாக்கினர். ஜூன் 21 அன்று 'இல்லஸ்ட்ரியஸ்' கப்பலின் பாராகுடா, கோர்சேர் விமானங்கள் போர்ட் பிளேரைத் தாக்கின. அக்டோபரில் 'மில்லட்' என்ற பெயரில் கார் நிகோபாரும் நான்கவுரியும் தாக்கப்பட்டன. பிலிப்பைன்ஸின் லெய்ட்டேயில் அமெரிக்கர் இறங்கும் வேளையில் ஜப்பானியரின் கவனத்தை இப்பக்கம் இழுப்பது நோக்கம்; அவர்கள் பெரிதாக அசைந்துகொடுக்கவில்லை. 1945 அக்டோபரில் போர்ட் பிளேர் ஜிம்கானா மைதானத்தில் ஜப்பானியர் முறைப்படி சரணடைந்தனர்.

விடுதலைக்குப் பிறகும் 1950களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் வான்படை கார் நிகோபாரைத் தன் தூரக்கிழக்குப் பயணங்களுக்கு இடைத்தங்கலாக வைத்திருந்தது. 1971 போருக்கு முன் 'விக்ராந்த்' விமானந்தாங்கிக் கப்பல் அந்தமானின் ஒதுக்கமான விரிகுடா ஒன்றில் மறைந்திருந்து, டிசம்பர் 4இல் தன் விமானங்களைச் சிட்டகாங், காக்ஸ் பஜார் மேல் ஏவியது. அதைத் தேடிவந்த பாகிஸ்தானின் 'காஸி' நீர்மூழ்கி விசாகப்பட்டினத்தருகே மூழ்கிய விதம் இன்னும் வழக்காடப்படுகிறது.

தொலைதூரத் தீவு ஒன்றை வானிலிருந்து காப்பதன் கடினத்தை உலகுக்கு உணர்த்தியது 1982இன் ஃபாக்லாந்து போர். ஸ்டான்லியின் ஓடுபாதை வேக ஜெட்டுகளுக்குக் குட்டையாக இருந்ததால், அர்ஜென்டினா விமானங்கள் தாய்நிலத்திலிருந்து பறந்து வந்து தீவின்மேல் சில நிமிடங்களே நிற்க முடிந்தது. பிரிட்டனோ அசென்ஷன் தீவிலிருந்து 6,000 கி.மீ.க்கும் மேல் ஒரே ஒரு வல்கன் விமானத்தை அனுப்ப 11 விக்டர் எரிபொருள் விமானங்களைக் கிளப்பியது. 21 குண்டுகளில் ஒன்று ஓடுபாதையில் விழுந்தது.

அந்தமானுக்கும் இதே கணக்குதான். 2020 ஜனவரி 20 அன்று தஞ்சாவூரில் சுகோய்-30 எம்கேஐ விமானங்களின் 222ஆம் அணி நிறுத்தப்பட்டது. பிரமோஸ் ஏவுகணையை அவை சுமக்கும். தஞ்சாவூரிலிருந்து போர்ட் பிளேருக்குச் சுமார் 1,500 கி.மீ. உள் எரிபொருளில் இவ்வகை விமானம் ஏறத்தாழ 3,000 கி.மீ. பறக்கும். ஆக, போய்த் திரும்பலாம். நின்று சுற்றிக் காவல் காக்க இயலாது. அதற்கு நடுவானில் எரிபொருள் தரும் இல்யூஷின்-78 துணை வேண்டும், அல்லது தீவிலேயே இறங்கி ஏற ஓடுபாதை வேண்டும். அரக்கோணத்திலிருந்து பறக்கும் பி-8ஐ வேவு விமானங்களுக்கு இந்த நெருக்கடி குறைவு. மணிக்கணக்கில் கடல்மேல் சுற்றுவதற்கென்றே அமைந்தவை அவை.

கடற்படை வானூர்தித் தளங்களுக்குப் பறவைகளின் பெயரிடுவது நெடுநாள் வழக்கம். 1992இல் அரக்கோணத்துக்கு ராஜாளி, 2009இல் இராமநாதபுரம் உச்சிப்புளிக்குப் பருந்து என நல்ல தமிழ்ப் பெயர்களே வாய்த்தன. போர்ட் பிளேரில் உத்குரோஷ், அந்தமானின் வடகோடியில் 2019இல் தொடங்கிய கோஹாசா, தென்கோடியில் பாஜ் ஆகியவையும் இரைகொல்லிப் பறவைகளே.

2001இல் முப்படைகளையும் ஒரே தலைமையின்கீழ் கொண்டுவந்து அந்தமான் நிகோபார் கட்டளையகம் நிறுவப்பட்டது. நாட்டில் இத்தகைய அமைப்பு இதுவே முதல். மூன்றே ஆண்டுகளில் அதன் வான்தளம் பேரிழப்பைக் கண்டது. 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை கார் நிகோபார் தளத்துக்குள் புகுந்ததில் வான்படையினரும் அவர்கள் குடும்பத்தாருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குடியிருப்புகள் கடலோரமாக இருந்தன; ஓடுபாதை முற்றிலும் அழியவில்லை. எஞ்சிய பகுதியில் மீட்பு விமானங்கள் இறங்கி ஏறின. அந்த நிலநடுக்கத்தில் இந்திரா முனையின் நிலம் 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்குள்ள கலங்கரை விளக்கம் இன்றும் தண்ணீரில் நிற்கிறது.

அண்மைய வளர்ச்சிகள் குறித்து வெளிவந்த விவரம் சொற்பம். கிரேட் நிகோபாரில் குடிமைப் பயன்பாட்டுக்கும் ராணுவத்துக்கும் பொதுவான விமான நிலையம், துறைமுகம், நகரம் ஆகியவை அடங்கிய திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. காடழிவு, ஷொம்பென் பழங்குடியினரின் வாழ்வுரிமை ஆகியவற்றை முன்வைத்து எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்தன. அதே தீவின் கேம்ப்பெல் விரிகுடாவில் 2012 ஜூலை 31 அன்று தொடங்கிய பாஜ், நாட்டின் தென்கோடிக் கடற்படை வானூர்தித் தளம். தொடக்கத்தில் அதன் ஓடுபாதையின் நீளம் சுமார் 1,050 மீட்டர். டார்னியர் போன்ற சிறு விமானங்களுக்கே அது போதுமானது.