அவ்வை சண்முகம்: பெயர் வாங்கித் தந்த வேஷம் திரையில் இல்லை

இந்த எபிசோடை ஒரு ரோட்டுப் பெயரில் இருந்து ஆரம்பிக்கிறேன். சென்னை ராயப்பேட்டையில் அவ்வை சண்முகம் சாலை. பழைய பெயர் லாயிட்ஸ் ரோடு. அதிமுக தலைமை அலுவலகம் அங்கேதான் இருக்கிறது, அதனால் டிவி செய்தியில் இந்தப் பெயரை நூறு தடவை கேட்டிருப்பீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதுசில் அந்த ரோட்டில் தினமும் போவேன். அவ்வையார் வேற ஆளு, சண்முகம் வேற ஆளு, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே போர்டு வெச்சிட்டாங்கன்னுதான் நினைச்சிட்டு இருந்தேன். சிரிக்காதீங்க.

அது ஒரே ஆள். டி.கே.சண்முகம், நாடக நடிகர். அவ்வையார் வேஷம் போட்டதால் கிடைத்த பட்டம்தான் அவ்வை. அவரைப் பற்றி எனக்கு முதலில் தெரிய வந்தது சென்னையில் இல்லை, எங்க தர்மபுரி மாவட்டத்தில், பாப்பாரப்பட்டியில். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சண்முகம் பிறந்தது 1912. அப்பா கண்ணுசாமிப் பிள்ளையும் நாடக நடிகர்தான், பெண் வேஷம் கட்டுகிறவர். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்று நான்கு பையன்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் என்று ஊரெல்லாம் சொன்னது இவர்களைத்தான். 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்று ஒரு கம்பெனி தொடங்குகிறார். நடிகர்கள் எல்லாருமே சின்னப் பையன்கள். அதனால் பாய்ஸ் கம்பெனி. சண்முகம் அதில் சேரும்போது ஆறு வயசு.

ஆறு வயசுல நான் ஒண்ணாங்கிளாஸ். இந்தப் பையன் ராத்திரி முழுக்க நடக்கிற நாடகத்தில் வசனம், பாட்டு எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். மைக் கிடையாது. கடைசியில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கும் கேட்கிற மாதிரி பாட வேண்டும். சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் கம்பெனி வீட்டிலேயே. அடியும் அங்கேயே. இன்றைய கண்ணுக்கு அது குழந்தைத் தொழிலாளர் முறைதான், அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பையனிடம் இருந்த திறமையைக் கண்டுகொண்டவரும் அங்கேதான் இருந்தார். சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்காகவே சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதினார் என்பது நாடக உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. சுவாமிகள் 1922-ல் இறந்தார். 1925-ல் சகோதரர்கள் சொந்தமாக ஒரு சபாவைத் தொடங்கிவிட்டார்கள். அப்போது சண்முகத்துக்குப் பதிமூன்று வயதுகூட முடியவில்லை.

அந்த 1925-ஐ மனசில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

இவர்கள் வெறும் புராண நாடகம் போட்டுக்கொண்டு இருந்தவர்கள் இல்லை. வெ.சாமிநாத சர்மா எழுதிய பாணபுரத்து வீரன் நாடகத்துக்கு வெள்ளைக்காரன் தடை போட்டிருந்தான். அதையே 1931-ல் தேசபக்தி என்று பெயர் மாற்றி மேடையேற்றினார்கள். பாரதி பாட்டையும் மேடையில் பாடினார்கள். நாவல்களை நாடகமாக்கினார்கள். அதில் ஒன்றான மேனகா, 1935-ல் ராஜா சாண்டோ இயக்கத்தில் படமாகவும் வந்தது. என்.எஸ்.கிருஷ்ணனை ஜனங்கள் திரையில் முதலில் பார்த்தது அந்தப் படத்தில்தான். அவரும் இந்தக் கம்பெனியில் வளர்ந்தவர். 1941-ல் குமாஸ்தாவின் பெண், 1948-ல் பில்ஹணன் என்று படங்கள் தொடர்ந்தன.

பில்ஹணன்கிட்ட கொஞ்சம் நிக்கணும். அந்தப் படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். ஆனால் பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்து வெளியிடும் உரிமை அப்போது ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. காசு கொடுத்து முறையாக வாங்கிய உரிமை. நோட்டீஸ் வந்தது. பணம் கட்டியோ, பாட்டை வெட்டியோ பிரச்சினையை முடித்திருக்கலாம். இவர் முடிக்கவில்லை. பாரதி பாட்டு ஒரு தனி ஆளின் சொத்தாக இருக்கலாமா என்று கேட்டார். எழுத்தாளர்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது. அவர்களோடு சேர்ந்துகொண்டார். பாரதியின் மனைவி செல்லம்மாளைச் சந்திக்கத் திருநெல்வேலிக்குப் போன குழுவில் நாரண துரைக்கண்ணன், பரலி சு.நெல்லையப்பர் ஆகியோரோடு சண்முகமும் இருந்தார். கடைசியில் மெய்யப்பச் செட்டியார் பணம் எதுவும் வாங்காமல் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949-ல் சென்னை அரசு பாரதி படைப்புகளின் உரிமையை எடுத்துக்கொண்டு, பிறகு மக்களுக்கே பொதுவாக்கியது. இன்றைக்கு யூடியூபில் யார் வேண்டுமானாலும் பாரதி பாட்டைப் பாடிப் போடலாம், காப்பிரைட் ஸ்டிரைக் வராது. நான் ஓப்பன் சோர்ஸ் கோடு எழுதிப் பிழைக்கிறவன், அதனால் இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது அவ்வையார். நாற்பதுகளின் தொடக்கம், சண்முகத்துக்கு முப்பது வயசு இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் தன்னைப் பல் போன கிழவியாக நம்ப வேண்டும். குரல் நடுங்க வேண்டும், அந்த நடுக்கத்தோடேயே பாடவும் வேண்டும். எங்க ஊர்ப் பக்கம் மாரியம்மன் திருவிழாவில் விடிய விடிய தெருக்கூத்து நடக்கும். திரௌபதி வேஷம் கட்டுகிற ஆள் பகலில் டீக்கடையில் நம்ம பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். ராத்திரி துகில் உரியும் இடம் வரும்போது கிழவிகள் அவரைப் பார்த்துக் கும்பிடுவார்கள். அதைப் பார்த்தவனுக்கு, ஒரு ஆண் போட்ட அவ்வையார் வேஷம் எப்படி ஒரு ஆளின் பெயராகவே மாறியது என்பது புரியும்.

ஆனால் அந்த அவ்வையாரை நம்மால் பார்க்க முடியாது. 1953-ல் ஜெமினி வாசன் அவ்வையார் படத்தை எடுத்தபோது கே.பி.சுந்தராம்பாள் நடித்தார். அவரும் மேடையில் இருந்து வந்தவர், பிரமாதமாகத்தான் நடித்தார், அதில் குறையே இல்லை. இன்று அவ்வையார் என்றால் நம் மனசில் வருவது அந்த முகம்தான். அரு.ராமநாதன் எழுதி, டி.கே.எஸ். குழு பேர் வாங்கிய ராஜராஜ சோழன் நாடகமும் இப்படித்தான். அது சிவாஜி கணேசன் நடித்து, தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக 1973 மார்ச் கடைசியில் வெளியானது. சண்முகம் அந்தப் பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார்.

எங்க வேலையில் ஒரு சர்வர் போனால் இன்னொரு காப்பி இருக்கும். மேடை நடிப்புக்குப் பேக்கப் கிடையாது. அம்பது வருஷம் நடிச்சிருக்காரு, பார்த்தவங்க போனா அதுவும் போச்சு. 1972-ல் எனது நாடக வாழ்க்கை என்று சுயசரிதை எழுதினார். எந்த ஊரில் எந்தக் கொட்டகை, யார் எந்த வேஷம், எப்போது வசூல் படுத்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. படிக்கும்போது, இந்த மனுஷனுக்கு முன்னாடியே இது தெரிஞ்சிருக்கு, அதான் எழுதி வெச்சிட்டாருன்னு தோணுச்சு.

சரி, பாப்பாரப்பட்டி. தர்மபுரியில் இருந்து பென்னாகரம் பக்கம் இருக்கிற ஊர். சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா கடைசியாகத் தங்கி, இறந்த இடம். வ.உ.சி.யோடு 1908-ல் கைதானவர். ஜெயிலில் தொழுநோய் வந்து, வெளியே வந்த பிறகு ரயிலில் ஏறவும் அனுமதி இல்லாமல் நடந்தும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். சிவாஜி, தேசிங்குராஜன் என்று நாடகங்களும் எழுதினார். பாரதமாதாவுக்குப் பாப்பாரப்பட்டியில் கோயில் கட்டுவது அவர் ஆசை. 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புவதற்குள் 1925 ஜூலை 23-ல் சிவா இறந்துவிட்டார், நாற்பது வயசில். சண்முகம் சகோதரர்கள் சொந்த சபா தொடங்கிய அதே வருஷம்.

ஸ்கூலில் இருந்து அந்த நினைவிடத்துக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்ததும் கப்பலோட்டிய தமிழன் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ம.பொ.சி. எழுதிய நூலை வைத்து பி.ஆர்.பந்துலு 1961-ல் எடுத்த படம். அப்போது ஓடவில்லை, பந்துலுவுக்குப் பெரிய நஷ்டம். வ.உ.சி.யாக சிவாஜி கணேசன், பாரதியாக எஸ்.வி.சுப்பையா. சுப்பையாவும் டி.கே.எஸ். கம்பெனியில் நடித்தவர்தான். சிவாவாக நடித்தவர் பெயர் அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது.

வ.உ.சி. ஜெயிலில் இருந்து வெளியே வருகிறார். வரவேற்க ஊரே திரண்டிருக்கும் என்று நினைத்திருப்பார். யாரும் இல்லை. ஒரே ஒரு ஆள் மட்டும், நோய் தின்ற உடம்போடு காத்திருக்கிறார். யார் என்று வ.உ.சி.க்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கிளாஸில் பின்பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட அந்த இடத்தில் அமைதியானார்கள். எதிரில் நிற்பது சிவாஜி கணேசன், இருந்தும் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த நோயாளியைத்தான். முதல் நாள் நாங்கள் கும்பிட்டுவிட்டு வந்த ஆள் அவர்தான் என்று அப்படியே நம்பினேன். மூணு நாலு வருஷம் கழிச்சு டிவியில அந்தப் படம் வந்தப்போ டைட்டில் கார்டைப் பார்த்துதான் டி.கே.சண்முகம்ங்கிற பேரே எனக்குத் தெரிஞ்சது. அப்பவும் ரோட்டுப் பேரோட அதைச் சேர்த்துப் பார்க்கத் தோணலை.

அந்தக் கம்பெனியில் அறுபதுகளில் சேர்ந்த இன்னொரு பையன் கமல்ஹாசன். 1996-ல் கிழவி வேஷம் போட்டு ஒரு படம் பண்ணியபோது அதற்கு அவ்வை சண்முகி என்று பெயர் வைத்தார். எங்க வீட்டில் அதைப் பத்து தடவையாவது பார்த்திருப்போம்.

கப்பலோட்டிய தமிழன் இணையத்தில் முழுசாகக் கிடைக்கிறது. இந்த வாரம் நேரம் கிடைத்தால் அந்தச் சிறை வாசல் காட்சியை மட்டுமாவது பாருங்கள். அடுத்த எபிசோடில் சங்கரதாஸ் சுவாமிகள்.