ஆப்பிள்வைட்டா, சிம்ஸா? - டெக்சாஸ் ரசிகர்களின் தீராத கோபம்

2001 டிசம்பர் 1, சனிக்கிழமை இரவு. டாலஸ் நகரத்தை ஒட்டியிருக்கும் இர்விங் ஊரில் டெக்சாஸ் ஸ்டேடியம். டெக்சாஸ் பல்கலைக்கழகமும் கொலராடோ பல்கலைக்கழகமும் மோதும் பிக் 12 இறுதிப் போட்டி. முதல் பாதி முடிவதற்குள் டெக்சாஸ் அணியின் குவார்ட்டர்பேக் கிறிஸ் சிம்ஸ் நான்கு முறை பந்தை எதிரணியிடம் பறிகொடுத்துவிட்டார். ஸ்கோர் 29-10. கொலராடோ முன்னிலை.

ஸ்டேடியத்தில் கூச்சல் கிளம்பியது. கூச்சல் போட்டவர்கள் கொலராடோ ரசிகர்கள் அல்ல. சிம்ஸ் போட்டிருந்த அதே ஆரஞ்சு நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த டெக்சாஸ் ரசிகர்கள்தான்! சிம்ஸுக்கு அப்போது வயது 21.

சொந்தக் கல்லூரி மாணவனைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் ஏன் இப்படிக் கத்த வேண்டும்? இதற்குப் பதில் அந்த ஒரு இரவில் இல்லை. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதலில் ஒரு சின்ன விளக்கம்

இங்கே பேசப்படுவது மெஸ்ஸி, ரொனால்டோ ஆடும் கால்பந்து அல்ல. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. இதில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் அணியின் மூளை. பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். எறிவதா, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று வினாடிகளில் முடிவு செய்ய வேண்டும். 11 பேர் களத்தில் இருந்தாலும் இந்த இடம் ஒருவருக்குத்தான். இரண்டு நல்ல ஓட்டக்காரர்களை மாற்றி மாற்றி ஆட வைக்கலாம். இரண்டு நல்ல குவார்ட்டர்பேக் இருந்தால் அதுவே தலைவலி.

அமெரிக்காவில் கல்லூரி அணிகளின் ஆட்டங்களுக்கு இருக்கும் கூட்டம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நம்பவே முடியாதது. ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் அந்தக் காலத்திலேயே 80,000 பேர் உட்காரலாம். ஆனால் ஆடும் மாணவர்களுக்கு அன்று சம்பளம் கிடையாது. ஸ்காலர்ஷிப் மட்டும்தான். கோச்சுக்கோ கோடிகளில் சம்பளம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1968: ராயல் எடுத்த முடிவு

டெக்சாஸ் அணியின் மிகப் பெரிய கோச் டாரல் ராயல். 1957 முதல் 1976 வரை இருந்தவர். 1963, 1969, 1970 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவர்.

1968 சீசன் ஆரம்பித்தபோது அவருடைய குவார்ட்டர்பேக் பில் பிராட்லி. ரசிகர்கள் அவருக்கு வைத்த செல்லப் பெயர் 'சூப்பர் பில்'. அந்த வருடம் ராயல் 'விஷ்போன்' என்ற புதிய ஆட்டமுறையைக் கொண்டுவந்தார். முதல் ஆட்டம் ஹூஸ்டனுடன் 20-20 டிரா. இரண்டாவது ஆட்டத்தில் டெக்சாஸ் டெக் அணியிடம் 31-22 தோல்வி. அந்த இரண்டாவது ஆட்டத்தின் நடுவிலேயே ராயல், பிராட்லியை வெளியே எடுத்துவிட்டு ஜேம்ஸ் ஸ்ட்ரீட் என்ற அதிகம் பேசப்படாத மாணவரை இறக்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சரித்திரம். ஸ்ட்ரீட் தொடக்க குவார்ட்டர்பேக்காக 20 ஆட்டங்கள் ஆடினார். இருபதிலும் வெற்றி! 1969 டிசம்பரில் அதிபர் நிக்சன் நேரில் வந்து பார்த்த ஆர்கன்சா ஆட்டத்தில் 15-14 என்று ஜெயித்ததும் அந்த இருபதில் ஒன்று. பிராட்லியும் வீணாகப் போகவில்லை. தடுப்பாட்டத்துக்கு மாறி, அதில் பேர் வாங்கி, பிறகு பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியில் தொழில்முறை ஆட்டக்காரராக ஜொலித்தார்.

ராயல் யாரையும் அரைகுறையாக வைத்திருக்கவில்லை. ஒருவரை எடுத்தார், இன்னொருவரைப் போட்டார், கதவைச் சாத்தினார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேக் பிரவுன் வருகிறார்

1970க்குப் பிறகு டெக்சாஸுக்குப் பட்டம் இல்லை. 1997இல் நிலைமை படுமோசம். சொந்த மண்ணில் யுசிஎல்ஏ அணியிடம் 66-3 என்று தோற்றார்கள். அந்த சீசனில் நான்கு வெற்றி, ஏழு தோல்வி. கோச் ஜான் மெக்கோவிக் போனார், மேக் பிரவுன் வந்தார்.

1998இல் பிரவுனின் முதல் சீசன். இரண்டாவது ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் ரிச்சர்ட் வால்டன் காயம்பட, அனுபவமே இல்லாத மேஜர் ஆப்பிள்வைட் உள்ளே வந்தார். ('மேஜர்' ராணுவப் பட்டம் அல்ல, அவருடைய பெயரே அதுதான்!) லூசியானா மாநிலம் பேட்டன் ரூஜ் ஊர்க்காரர். பெரிய உயரம் இல்லை, பீரங்கி மாதிரி கையும் இல்லை. ஆனால் அக்டோபர் 31 அன்று நெப்ராஸ்காவை அவர்கள் ஊரிலேயே 20-16 என்று வீழ்த்தினார்கள். நெப்ராஸ்கா அதற்கு முன் சொந்த மண்ணில் தொடர்ந்து 47 ஆட்டங்கள் ஜெயித்திருந்தது. ரிக்கி வில்லியம்ஸ் ஓட, ஆப்பிள்வைட் எறிய, டெக்சாஸ் 9 வெற்றி, 3 தோல்வி என்று நிமிர்ந்தது. அடுத்த வருடம் வில்லியம்ஸ் போய்விட்ட பிறகும் ஆப்பிள்வைட் 3,000 கெஜங்களுக்கு மேல் எறிந்தார்.

ரசிகர்களுக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் திறமை மட்டும் இல்லை. யாரும் எதிர்பார்க்காத ஒருவர் உழைத்து அந்த இடத்தைப் பிடித்தார் என்பதுதான்.

இதற்கு நேர் எதிர் கிறிஸ் சிம்ஸ். நியூ ஜெர்சிக்காரர். அப்பா பில் சிம்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு சூப்பர் பௌல் வாங்கிக் கொடுத்து, அந்த இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கியவர். பையன் உயரம், வலிமையான கை, பள்ளிக்கூடத்திலேயே நாடு முழுக்கப் புகழ். முதலில் டென்னசி பல்கலைக்கழகத்துக்குப் போவதாக இருந்தவர், மனம் மாறி 1999இல் டெக்சாஸுக்கு வந்தார். அப்படிப்பட்ட ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்தது பிரவுனுக்குப் பெரிய வெற்றி.

காமர்ஸ் பாஷையில் சொன்னால், ஒரு பக்கம் வருடா வருடம் டிவிடெண்ட் கொடுத்துவரும் பங்கு. இன்னொரு பக்கம் நாளைக்குப் பத்து மடங்காகும் என்று எல்லோரும் சொல்லும் பங்கு. எதை வைத்துக்கொள்வது?

இரண்டு படகில் கால்

பிரவுன் இரண்டையும் வைத்துக்கொண்டார். தப்பு அங்கேதான் தொடங்கியது.

2000 ஜனவரி 1 அன்று காட்டன் பௌல் ஆட்டத்தில் ஆப்பிள்வைட்டுக்கு முழங்காலில் அடி. அவர் தேறி வந்த 2000 சீசனில் இருவரும் மாறி மாறி ஆடினார்கள். ஒருவர் சூடு பிடிப்பதற்குள் இன்னொருவர் வருவார். அக்டோபரில் பரம எதிரி ஓக்லஹோமாவிடம் 63-14 என்று சுருண்டார்கள். நவம்பரில் ஆப்பிள்வைட்டுக்கு மறுபடி முழங்கால் காயம். இடம் சிம்ஸுக்குப் போனது.

2001இல் ஆப்பிள்வைட் குணமாகித் திரும்பினார், அதுவும் கடைசி வருட மாணவராக. ஆனால் தொடக்க இடம் சிம்ஸுக்கே என்று பிரவுன் அறிவித்தார். டெக்சாஸ் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "சாதித்தவன் பெஞ்சில், சாதிக்கப் போகிறவன் களத்தில். இது என்ன நியாயம்?" என்பது ஒரு கட்சி. "காயம்பட்ட முழங்காலை நம்பி இன்னொரு வருடத்தை வீணாக்குவதா?" என்பது இன்னொரு கட்சி. தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் துணைக் கோச் கிரெக் டேவிஸுக்கும் சேர்த்து வசவு விழுந்தது.

அந்த அக்டோபரில் ஓக்லஹோமா ஆட்டத்தில் 7-3 என்று பின்தங்கியிருந்தபோது, கடைசி நிமிடங்களில் ராய் வில்லியம்ஸ் என்ற எதிரணித் தடுப்பாட்டக்காரர் தடுத்தவரின் தலைக்கு மேலே பறந்து வந்து சிம்ஸ் மீது மோதினார். பந்து எதிரணிக்காரர் கையில் விழ, 14-3 என்று தோல்வி. ஆனால் மற்ற ஆட்டங்களில் சிம்ஸ் பிரமாதமாக ஆடினார். அக்டோபர் 20 அன்று இதே கொலராடோவை 41-7 என்று துவைத்தார்கள். 10 வெற்றி, ஒரே தோல்வியுடன்தான் டிசம்பர் 1 இறுதிப் போட்டிக்கு வந்தார்கள்.

அன்று மாலைதான் ஃபுளோரிடா அணி டென்னசியிடம் தோற்ற செய்தி வந்தது. டெக்சாஸ் ஜெயித்தால் தேசிய சாம்பியன் ஆட்டத்துக்கான வாசல் திறந்துவிடும் என்ற நிலை. 31 வருடக் காத்திருப்பு! அப்படிப்பட்ட இரவில்தான் சிம்ஸ் நான்கு முறை பந்தைப் பறிகொடுத்தார். விரலிலும் அடி. கூச்சலுக்கு நடுவே ஆப்பிள்வைட் இறங்கினார். இறங்கிய கொஞ்ச நேரத்தில் 79 கெஜ டச்டவுன்! ஸ்டேடியம் அதிர்ந்தது. ஆட்டம் முழுக்க விரட்டினார்கள். கடைசியில் 39-37. இரண்டே புள்ளியில் கனவு போனது.

டிசம்பர் 28 அன்று சான் டியேகோவில் ஹாலிடே பௌல். பிரவுன் ஆப்பிள்வைட்டைத் தொடக்க ஆட்டக்காரராக இறக்கினார். வாஷிங்டன் அணியிடம் 36-17 என்று பின்தங்கியிருந்த டெக்சாஸ் 47-43 என்று ஜெயித்தது. ஆப்பிள்வைட் எறிந்தது 473 கெஜங்கள், நான்கு டச்டவுன். அதுதான் அவருடைய கடைசிக் கல்லூரி ஆட்டம். "பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோமே!" என்று ரசிகர்கள் சொல்ல வேறென்ன வேண்டும்? (அதே ஆட்டத்தில் அவர் மூன்று முறை எதிரணி கையில் எறிந்ததை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.)

கணக்கு என்ன சொல்கிறது?

தொடக்க குவார்ட்டர்பேக்காக ஆப்பிள்வைட்: 22 வெற்றி, 8 தோல்வி. சிம்ஸ்: 26 வெற்றி, 6 தோல்வி. ஆம், ரசிகர்கள் திட்டித் தீர்த்தவரின் கணக்குதான் மேலே நிற்கிறது! ஆனால் சிம்ஸ் ஒரு முறைகூட ஓக்லஹோமாவை ஜெயிக்கவில்லை. 2002இலும் 35-24 என்று தோல்வி. ரசிகர்கள் சராசரியைப் பார்ப்பதில்லை, மறக்க முடியாத நாலு சனிக்கிழமைகளைத்தான் பார்க்கிறார்கள்.

அப்படியானால் ரசிகர்களின் கோபம் முட்டாள்தனமா? அதுவும் இல்லை. பிரவுன் சிம்ஸைத் தேர்ந்தெடுத்தது தவறு என்று எண்களை வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் முடிவை முடிவாக வைக்காததால் விலை கொடுத்தது இரண்டு மாணவர்கள். ஒருவர் ஒவ்வொரு தவறு செய்யும்போதும் பெஞ்சைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. இன்னொருவர் தான் செய்யாத தவறுக்கு வெளியே உட்கார வேண்டியிருந்தது. 1968இல் ராயல் சாத்திய கதவை, 2000இல் பிரவுன் பாதி திறந்தே வைத்திருந்தார். திறந்த கதவு வழியாகத்தான் கூச்சல் உள்ளே வந்தது.

இரண்டாவது வாய்ப்பு

வரலாறு பிரவுனுக்கு இதே கேள்வித்தாளை இன்னொரு முறை கொடுத்தது. 2003இல் ஹூஸ்டனிலிருந்து வந்த வின்ஸ் யங்கும் சான்ஸ் மாக்கும் மாறி மாறி ஆடினார்கள். ஓக்லஹோமா 65-13 என்று நொறுக்கியது. 2004இல் யங் முழுப் பொறுப்பில். மறுபடி ஓக்லஹோமா, 12-0. தொடர்ந்து ஐந்தாவது வருடத் தோல்வி! யங் பந்தை எறியும் விதமே கோணல், அவரை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று குரல்கள் எழுந்தன. அடுத்த மிசௌரி ஆட்டத்தில் யங் தடுமாற, மாக்கை இறக்க வேண்டி வந்தது.

பழைய பிரவுன் என்றால் மறுபடி மாற்றி மாற்றி ஆட வைத்திருப்பார். இந்த முறை யங்கிடமே பொறுப்பைக் கொடுத்து, உன் பாணியில் ஆடு என்று விட்டார்கள். அந்த மிசௌரி ஆட்டத்தில் தொடங்கி டெக்சாஸ் தொடர்ந்து ஜெயித்தது 20 ஆட்டங்கள். (ஆம், ஸ்ட்ரீட்டின் அதே இருபது!) 2005இல் ஓக்லஹோமாவை 45-12 என்று பழி தீர்த்தார்கள். இருபதாவது வெற்றி 2006 ஜனவரி 4 அன்று, யுஎஸ்சி அணிக்கு எதிராக 41-38. 19 வினாடி மிச்சமிருக்க, நான்காவது முயற்சியில் யங் தானே ஓடி வென்றார். 35 வருடம் கழித்து பட்டம் ஆஸ்டினுக்கு வந்தது. யங்கை மாற்றச் சொன்னவர்களும் அன்று தெருவில் ஆடினார்கள்.

கடைசியாக

தைரியம் போதாது என்று பழிக்கப்பட்ட சிம்ஸ், 2006 செப்டம்பரில் டாம்பா பே அணிக்காக ஆடும்போது மண்ணீரல் கிழிந்த நிலையிலும் தொடர்ந்து ஆடினார். ஆட்டம் முடிந்த பிறகு அறுவை சிகிச்சை செய்து மண்ணீரலையே எடுக்க வேண்டியதாயிற்று.

ஆப்பிள்வைட் கோச் ஆனார். 2008இல் அவரை டெக்சாஸுக்குத் துணைக் கோச்சாக அழைத்து வந்தவர் வேறு யாருமில்லை, அதே மேக் பிரவுன்தான். 2011இல் தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் பொறுப்பில் ஆப்பிள்வைட்டும் ஒருவர். அந்த வருடம் டெக்சாஸின் பிரச்சினை என்ன தெரியுமா? கேஸ் மெக்காயா, டேவிட் ஆஷா, யார் குவார்ட்டர்பேக்? இருவரையும் மாற்றி மாற்றி ஆட வைத்தார்கள். ரசிகர்கள் திட்டினார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்து அந்த வேதனையை அனுபவித்தவருக்கே, முடிவெடுக்கும் மேசைக்கு வந்தபோது கேள்வி சுலபமாக இல்லை. கேலரியிலிருந்து பார்த்தால் பதில் எப்போதும் பளிச்சென்று தெரியும். கத்துவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் யோசிக்கலாம்: முடிவெடுத்தவர் கோடுக்கு வெளியே நிற்கிறார், அடி வாங்குகிறவன் 21 வயதுப் பையன்.