மூலச் சிலையும் நகல் சிலையும்

கடலூரிலிருந்து தெற்கே பேருந்தில் சென்றால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சிதம்பரம். அங்கே சிற்றம்பலத்தில் ஆடும் நடராசரின் வடிவத்தை ஒத்த சிலைகள் இன்று உலகெங்கும் உள்ளன. ஜெனீவாவை அடுத்த செர்ன் அணு ஆய்வுக்கூடத்திலும், இந்திய அரசு அளித்த 2 மீட்டர் உயர நடராசர் சிலை 2004 ஜூன் 18இல் திறந்து வைக்கப்பட்டது. இயற்பியல் கற்பிக்கும் என்போன்றோருக்கு இதில் தனி மகிழ்ச்சி!

இவையெல்லாம் நகல்கள்தாமா?

சுவாமிமலை ஸ்தபதி பழைய சிலையின்மேல் அச்சு எடுப்பதில்லை. தென்னை ஓலைக் கீற்றை மடித்து, தாலமான விதிப்படி அங்க அளவுகளை அதில் குறித்துக் கொள்கிறார். பிறகு தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைப் புதிதாகவே செய்கிறார். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, உலர்த்திச் சூடேற்றினால் மெழுகு உருகி வழிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். மெழுகின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 0.95 கிராம், வெண்கலத்தின் அடர்த்தி சுமார் 8.7 கிராம். ஆகவே மெழுகுருவின் எடையைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு உலோகம் வேண்டும். ஆறியபின் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று! அதே சிலையை இன்னொரு முறை வார்க்க வழியில்லை. இதை நகல் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய சிலையின்மேல் நேரே அச்செடுத்து வார்ப்பது வேறு. அதைக் காட்டிக் கொடுக்க உங்கள் பாடநூலில் உள்ள நீள்விரிவுக் குணகமே உதவும். வெண்கலத்திற்கு அது டிகிரி செல்சியசுக்குச் சுமார் 0.000018. உறைந்த உலோகம் 900 டிகிரி குளிர்வதாகக் கொண்டு பெருக்கிப் பாருங்கள். 100 செ.மீ. சிலையின் நகல் ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. குட்டையாக இருக்கும். ஆனால் மூலத்தின் அளவை யாராவது முன்பே எழுதி வைத்திருக்க வேண்டுமே!

கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951இல் மண்ணுக்குள்ளிருந்து சோழர் கால நடராசர் சிலை கிடைத்தது. 1954இல் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள். கோயிலுக்குத் திரும்பி வந்ததோ புதிதாகச் செய்த நகல். மக்கள் அதையே வணங்கி வந்தனர். கோயிலில் இருப்பது மூலமன்று என்று பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் 1965இல் தம் நூலில் எழுதினார். அதன் பின்னரும், 1973இல் அமெரிக்கச் செல்வர் நார்ட்டன் சைமன் மூலச் சிலையை 9 லட்சம் டாலருக்கு வாங்கினார். இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976இல் உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி மேலும் பத்தாண்டுகள் சிலை அமெரிக்காவிலேயே இருந்துவிட்டு, 1986இல் நாடு திரும்பியது.