ஊத மூச்சில்லாத டிரம்பெட்

ஆர்கெஸ்ட்ரான்னா நாலு பிரிவுன்னு சட்டுனு சொல்லிடலாம். வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் எல்லாம் நரம்பு வாத்தியங்கள். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பாசூன் எல்லாம் மர ஊதுகருவிகள். ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், டியூபா பித்தளைப் பிரிவு. கடைசியா தாள வாத்தியங்கள். ஆனா இந்தப் பட்டியல்ல ஒண்ணு விட்டுப்போச்சு மக்களே: மூச்சு. அதை எனக்குப் புரிய வெச்சது 1942-ல் லெனின்கிராட்டில் நடந்த ஒரு கச்சேரி.

1941 செப்டம்பரில் ஜெர்மன் படைகள் அந்த நகரத்தை முற்றுகையிட்டன. அந்தக் குளிர்காலத்தில் ஒரு கட்டத்தில், தொழிற்சாலைத் தொழிலாளர் தவிர மற்றவர்களுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டிதான் ரேஷன். லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்துப் போனார்கள். ஊரின் பெரிய ஃபில்ஹார்மோனிக் குழுவை ஏற்கெனவே நோவோசிபிர்ஸ்க்குக்கு அனுப்பியாச்சு. மிச்சமிருந்தது வானொலி ஆர்கெஸ்ட்ரா.

அதே ஊர்க்காரரான ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனி 1942 மார்ச்சில் குய்பிஷேவ் நகரில் அரங்கேறியது. அதை லெனின்கிராட்டிலும் வாசிச்சே ஆகணும்னு முடிவாச்சு. சிக்கல் என்னன்னா, மனுஷன் கஞ்சத்தனமே பார்க்காம எழுதியிருக்கார்: 8 ஹார்ன், 6 டிரம்பெட், 6 டிராம்போன், 1 டியூபா. மொத்தம் 100 பேருக்கு மேல வேணும். நடத்துனர் கார்ல் எலியாஸ்பெர்க் கூப்பிட்டபோது, வாசிக்கிற நிலைமையில இருந்தவங்க 15 பேர்தான்னு சொல்வாங்க. முதல் ஒத்திகை கால் மணி நேரத்துலயே நின்னு போச்சு.

வயலினை நடுங்குற கையால எப்படியோ இழுத்துடலாம். டிரம்பெட் அப்படி இல்லை. உதடு இறுகணும், நெஞ்சுலேர்ந்து காத்து வரணும். பட்டினி கிடந்த உடம்புல ரெண்டுமே கிடையாது. ஆளைக் குறைச்சும் வாசிக்க முடியாது. முதல் பகுதியில் ஒரு சின்ன டிரம் மெதுவா ஆரம்பிக்கும். அதுக்கு மேல ஒரே மெட்டு நரம்பு வாத்தியத்துல, அப்புறம் புல்லாங்குழல்லன்னு பிரிவு பிரிவா ஏறி, உச்சத்துல பித்தளைப் பிரிவு மொத்தமா வந்து இறங்கும். அந்தப் பிரிவு இல்லைன்னா கதையே இல்லை.

அதனால போர்முனையிலிருந்து ராணுவ பேண்டு வாத்தியக்காரர்களை வரவழைத்தார்கள். வாசிப்பவர்களுக்குக் கூடுதல் சாப்பாடு கொடுத்தார்கள். அப்படியும் ஒத்திகை நடந்த மாதங்களில் சிலர் இறந்து போனார்கள்.

1942 ஆகஸ்ட் 9. கச்சேரி நேரத்துல குண்டு விழக்கூடாதுன்னு, சோவியத் பீரங்கிகள் முன்கூட்டியே ஜெர்மன் நிலைகளைத் தாக்கின. ஒலிபெருக்கிகள் வழியா நகரமே கேட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுற சிம்பொனியை முழுசா வாசிச்சு முடிச்சாங்க.

முற்றுகை முழுசா விலக 1944 ஜனவரி ஆச்சு. 1964-ல், உயிரோடிருந்தவர்கள் மறுபடி கூடி, அதே எலியாஸ்பெர்க் தலைமையில் அதே சிம்பொனியை வாசிச்சாங்க.

அந்த உச்சக்கட்டம் வெறும் இரைச்சல்னு சொன்ன விமர்சகர்கள் உண்டு. முதல் தடவை கேட்டப்போ நானும் அப்படித்தான் நினைச்சேன். இப்பல்லாம் அந்த டிராம்போன்கள் வரும்போது, சத்தத்தைக் குறைக்கக் கை போறதில்லை.