கேள்வி கேட்கப் படிப்பது

தங்கச்சிக்கு லண்டனில் சமூகப்பணி முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அப்பா தன் இபிஎஃப் பணத்தை எடுத்தால்தான் போக முடியும். "நாலு பேருக்கு உதவி செய்ய எதுக்கும்மா மாஸ்டர்ஸ்? அதுவும் பிளேன் ஏறி?" என்றார். உள்ளூரில் பொறியியல் படித்தவன் நான், சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. ஜெலுத்தோங்கிலிருந்து மோட்டாரில் பத்து நிமிடத்தில் குளுகோர். மலேசியாவின் முதல் சமூகப்பணிப் பட்டப்படிப்பு 1975-இல் அங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. பிறகு எதற்கு லண்டன்? இப்படித்தான் தேட ஆரம்பித்தேன்.

மலாயாவில் சமூகநல இலாகா 1946 ஜூனில் வந்தது. போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. பாட்டியின் அப்பாவும் அதில் ஒருவர். அரிசி கேட்டுத் தோட்ட ஆபீசுக்குப் போன தன் அம்மாவைப் பற்றிப் பாட்டி ஒன்றுதான் சொல்வார்: "புருசன் செத்துட்டானா, ஓடிட்டானான்னு கிராணி எல்லார் முன்னாலயும் கேட்டாராம். அதுக்கப்புறம் எங்கம்மா அந்தப் பக்கமே போகல."

அதே கேள்வியை எங்கே, எப்படிக் கேட்பது என்பதைத்தான் சமூகப்பணி பாடமாக வைத்திருக்கிறது. அமெரிக்காவில் மேரி ரிச்மண்ட் 1917-லேயே இதைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் போட்டுவிட்டார். படிப்பு எங்கேயும் வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது. பம்பாயில் 1936-இல் டாட்டா பெயரில் தொடங்கிய பள்ளிக்கு முதல் இயக்குநர் கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கர். மலாயாவின் நல அதிகாரிகள் ஆரம்பத்தில் லண்டன் பொருளியல் பள்ளிக்குப் போனார்கள். சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகம் டிப்ளமா தொடங்கியது 1952-இல். மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியதும் அதே வருடம்தான். நமக்கு இன்னும் 23 வருடம் ஆனது. அப்போதும் படிப்புக்குப் பெயர் 'சமூக வளர்ச்சியும் நிர்வாகமும்'. சமூகப்பணி என்ற சொல்லே அதில் இல்லை!

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம். ஆனால் பொறியாளர் என்று நான் சொல்லிக்கொள்ளப் பதிவு வேண்டும். அதற்கான சட்டம் 1967-லேயே வந்துவிட்டது. சமூகப்பணியாளருக்கான சட்டத்துக்கு 2010-இல்தான் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதன்பின் பத்து வருடம் கழித்தும் அது நாடாளுமன்றத்துக்கு வரவில்லை. இங்கிலாந்திலோ, பதிவு இல்லாமல் அந்தப் பெயரை வைத்துக்கொள்வது 2005 முதல் குற்றம். தங்கச்சி லண்டனைப் பிடித்துக்கொண்டு நிற்பது இதனால்தான். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு தமிழ்ப் பாட்டியிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று லண்டனில் யாரும் சொல்லித்தரப் போவதில்லை. அதை இங்கே வந்துதான் அவள் கற்க வேண்டும்.

நேற்றிரவு அப்பா கேட்டார்: "அந்தக் கிராணி எடத்துல நீ இருந்திருந்தா என்னா கேட்டிருப்ப?"

"மொதல்ல உக்காரச் சொல்லியிருப்பேன்பா."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இபிஎஃப் பாரம் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.