மிலனேசா

மெல்லிய இறைச்சித் துண்டை முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தெடுக்கும் உணவு மிலனேசா. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் இது அன்றாட வீட்டுச் சமையல். நம்மூர்க் கட்லெட்டைப் போல மசித்துப் பிடிப்பதில்லை; இறைச்சி முழுத் துண்டாகவே இருக்கும்.

செய்முறை வட இத்தாலியின் மிலான் நகரத்திலிருந்து வந்தது. அங்கே கோத்தொலெத்தா எனப்படும் இந்த உணவை எலும்போடு கூடிய கன்றுக்கறியில் செய்து வெண்ணெயில் பொரிப்பார்கள். 1134-ஆம் ஆண்டு புனித அம்புரோசு ஆலயத்து விருந்தில் ரொட்டி சேர்த்த இடுப்புக்கறி பரிமாறப்பட்டதை வரலாற்றாசிரியர் பியெத்ரோ வெர்ரி 18-ஆம் நூற்றாண்டில் எடுத்துக்காட்டினார். இந்த உணவின் பழமைக்கு மிலான்காரர்கள் இன்றும் அதையே சான்றாக நீட்டுவார்கள். ஆனால் பொரித்ததாக அந்தக் குறிப்பில் ஒரு வார்த்தையும் இல்லை.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அர்ஜென்டினா அரசு ஐரோப்பியக் குடியேறிகளை விரும்பி அழைத்தது. 1876-இல் அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. வந்தவர்களில் இத்தாலியர்களே அதிகம். 1914 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஊரில் இறைச்சியை எப்போதாவது கண்ட ஏழைக் குடியானவர்களே வந்த இத்தாலியர்களில் பெரும்பாலோர். வந்து சேர்ந்த இடத்திலோ பம்பாஸ் புல்வெளியின் மாட்டுக்கறி மலிவாகக் கிடைத்தது. பணக்கார வீட்டுக் கன்றுக்கறி போய் மாட்டின் தொடைக்கறி வந்தது, எலும்பு கழன்றது, வெண்ணெயின் இடத்தைக் கொழுப்பும் எண்ணெயும் பிடித்தன. மிலனேசாவின் பிறப்பு இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. மிலான் கொடுத்தது செய்முறையை மட்டும்.

வீட்டுப் பக்குவம் எளியது. தொடைக்கறியை அரை சென்டிமீட்டருக்கும் மெல்லிதாக அரிந்து, பொரியும்போது சுருளாமல் இருக்க ஓரச் சவ்வில் கத்தியால் ஆங்காங்கே கீறிவிடுவார்கள். அடித்த முட்டையில் பொடியாக நறுக்கிய பூண்டு, பார்ஸ்லி இலை, உப்பு, மிளகு சேர்த்துக் கறியைச் சிறிது நேரம் ஊறவிடுவார்கள். பூண்டும் பார்ஸ்லியும் அர்ஜென்டினக் கைமணம். மிலானின் கோத்தொலெத்தாவில் அவை கிடையாது. பிறகு ரொட்டித்தூளில் வைத்து, தூள் நன்றாகப் பற்றும்படி உள்ளங்கையால் அழுத்த வேண்டும். அழுத்தம் போதாவிட்டால் வாணலியில் மேல்தோல் தனியே கழன்றுவிடும். பலர் ஒரேயடியாக நிறையச் செய்து, இடையிடையே தாள் வைத்து உறைபெட்டியில் அடுக்கிவிடுகிறார்கள். கறிக்கடைகளிலேயே தூள் புரட்டியது தயாராகவும் கிடைக்கிறது. தொட்டுக்கொள்ள எலுமிச்சை, உருளைக்கிழங்கு மசியல் அல்லது வறுவல். மேலே இரண்டு பொரித்த முட்டை வைத்தால் அதற்குக் ‘குதிரைமேல்’ என்று பெயர்.

தக்காளிக் குழம்பு, பன்றித்தொடைக்கறி, பாலாடைக்கட்டி ஆகியவற்றை மேலே பரப்பி அடுப்பில் வாட்டுவது நபோலித்தானா வகை. பெயர் அப்படித் தோன்றினாலும் நேப்பிள்ஸ் நகரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புவெனஸ் ஐரிஸில் லூனா பார்க் அரங்கத்தருகே நாப்போலி என்ற உணவகம் இருந்தது. 1940-களில் அங்கே கருகிப்போன ஒரு மிலனேசாவை மறைக்கப் பிறந்ததாம் இது. கதை அவ்வளவு கச்சிதமாக இருப்பதே சந்தேகத்தைத் தருகிறது. இருந்தாலும் பெயர் உணவகத்திலிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

வடக்கே துகுமான் மாநிலத்தில் மிலனேசா சான்ட்விச்சுக்குத்தான் மவுசு. இலைக்கோசு, தக்காளி, வெங்காயம், மயோனெய்ஸ், கடுகு விழுது எல்லாம் சேரும். காரம் கேட்டு வாங்குவோரும் உண்டு. கோழி, மீன், கத்தரிக்காய், சோயா என்று ரொட்டித்தூளுக்குள் வைப்பதும் காலத்துக்கேற்ப மாறிவந்திருக்கிறது. இதே இத்தாலியக் குடியேற்றத்தால் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தக்காளிக் குழம்பும் பாலாடைக்கட்டியும் போர்த்திய பொரித்த கோழி வேரூன்றியது. அர்ஜென்டினாவில் மிலனேசா முதலில் வீட்டுச் சாப்பாடு. அந்நாட்டில் மே 3 மிலனேசா நாளாகக் கொண்டாடப்படுகிறது.